பழங்குடி மொழிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

அழியும் நிலையில் உள்ள பழங்குடி மொழிகளில்தான் என் முப்பது வருட வேலை. காட்பாடியில் இருந்து எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? (குடியாத்தம் மாணவி)

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கலாம், மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகள் நிறுவனம் இருக்கிறது. ஆனால் பொறுமை வேண்டும்மா. 1935இல் இந்தியா வந்த எமனோ என்ற மொழியியலாளர் மூன்று வருடம் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார், அவருடைய தோடர் பாடல் தொகுப்பு நூலாக வந்தது 1971இல்தான். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், வேலூரில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி இந்தோ ஆரிய மொழி, முதலில் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். பதிவின் பிரதி ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். நான் ஆரம்பத்தில் பதிவு செய்த ஒரு பாட்டியின் பாட்டைக் கேட்டு, அவர் இறந்த பிறகு பேத்தி வந்தாள். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. வேறு பிரதி இல்லை.

ஜவ்வாது மலை மலையாளிகள் பேசுவது மலையாளமா? (திருப்பத்தூர்)

இல்லை, தமிழ்தான். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர்.

எழுத்தே இல்லாததை மொழி என்று எப்படிச் சொல்வது? (ஆம்பூர்)

உங்கள் ஊரிலேயே உருது எழுத்து தெரியாமல் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது மொழி இல்லையா?

தமிழ் எழுத்திலேயே எழுதிவிடலாமே? (அதே ஆம்பூர்)

கூடாது, தமிழுக்குள் கரைந்துவிடும்! (ராணிப்பேட்டை)

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தோடர் மொழியில் நம் ர போன்ற உருட்டொலிகளே மூன்று வகை, அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுத முடியாது, கூடுதல் குறிகள் வேண்டும். ஆனால் எந்த எழுத்து என்று முடிவு செய்ய வேண்டியது பேசுகிறவர்கள். நானும் இல்லை, நீங்களும் இல்லை.

தமிழ் அழிந்துவிடுமா?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி அது, இங்கே பேச்சு பத்தாயிரம் பேர்கூட இல்லாத மொழிகளைப் பற்றி. மக்கள்தொகைக் கணக்கில் அவற்றுக்குத் தனி வரிகூடக் கிடையாது.

அழிந்ததை மீட்க முடியுமா? (ஆரணி)

பதிவு மட்டும் போதாது. அந்தமானில் போவா மூதாட்டி 2010இல் இறந்தார், அவர் பேசியது பதிவாகி இருக்கிறது, 'போ' என்ற அவருடைய மொழியைப் பேசத்தான் ஆள் இல்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் 1982இல் மழலையர் பள்ளிகளைத் தொடங்கி, தாத்தா பாட்டிகளைக் குழந்தைகளோடு மாவோரி மட்டுமே பேச வைத்தார்கள். அமெரிக்காவில் மயாமி என்ற பழங்குடியின் மொழி பேச ஆளே இல்லாமல் போயிருந்தது, அந்தக் குடியைச் சேர்ந்த டேரில் பால்ட்வின் பழைய ஆவணங்களைப் பார்த்துக் கற்றுத் தன் பிள்ளைகளை அதிலேயே வளர்த்தார். ஆக, குழந்தையிடம் பேசினால் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாசிமணிக் கடைக்குப் போகிறேன் சார். என்ன எடுத்துப் போக? (குடியாத்தம் மாணவி)

நோட்டும் பென்சிலும் போதும்மா. போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.