இரு சூரியன்களும் ஒரு புள்ளியும்

வணக்கம் ஐயா. ஆல்ஃபா சென்டாரி என்னும் இரட்டை விண்மீனில் சனியைப் போன்ற பெரிய கோள் ஒன்று தென்பட்டதாக 2025 ஆகஸ்டில் படித்தேன். அதே செய்தியில், பிறகு இருமுறை தேடியும் அது கிடைக்கவில்லை என்றும் இருந்தது. அப்படியானால் அது இருக்கிறதா, இல்லையா? இரண்டு சூரியன்களுக்கு நடுவே ஒரு கோள் எப்படி நிலைத்திருக்கும்?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஏ, பி என்னும் அவ்விரு சூரியன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. மிக நெருங்கும்போதுகூட அவற்றின் இடைவெளி, நம் சூரியனுக்கும் சனிக்கும் உள்ளதைவிடச் சற்று அதிகம். நீங்கள் கேட்கும் கோள் நடுவில் இல்லை. அது உண்மையில் இருக்குமானால், ஏ-யை மட்டுமே, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போலச் சுமார் இருமடங்கு தள்ளிச் சுற்றுகிறது. அவ்வளவு அருகில் இருப்பதைப் பி-யின் ஈர்ப்பு கலைத்துவிடாது.

முதல் கேள்விதான் நின்று பேச வேண்டியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவில் எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒருவர் பீடி புகைத்தால், அந்தக் கங்கு உங்களுக்குத் தெரியாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கும் அதே சங்கடம்தான். ஏ-யின் ஒளியை ஒரு மறைப்புக் கருவியால் தடுத்து, பி-யின் ஒளியையும் கணக்கிட்டுக் கழித்த பிறகு, 2024 ஆகஸ்டில் எடுத்த பதிவில், ஏ-யைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மங்கலான ஒரு புள்ளி மிஞ்சியது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் அது காணப்படவில்லை. ஆனால் அதற்குச் சாத்தியமான சுற்றுப்பாதைகளை ஆய்வாளர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, அவற்றில் பாதியில், அவ்விரு மாதங்களிலும் கோள் ஏ-யை மிகவும் ஒட்டிச் சென்று பார்வைக்கு அகப்படாமல் போயிருக்கும் என்று தெரிந்தது. ஆகவே 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று கொள்ள வேண்டியதில்லை. அதற்காக ஒருமுறை பார்த்த புள்ளியைக் 'கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடுவதும் அவசரமே; ஆய்வாளர்களே அதை 'வேட்பாளர்', அதாவது இன்னும் உறுதியாகாத கோள், என்றுதான் குறிக்கிறார்கள்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆல்ஃபா சென்டாரி பி-யைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2012-இல் அறிவித்தார்கள். அது தரவைக் கையாண்ட முறையில் எழுந்த மாயை என்று 2015-இல் தெரிந்தது. இன்னும் பழைய கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 1855-இல் மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் கணக்குக்கு அடங்காத பிசகைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருப்பது மிகவும் சாத்தியம் என்று எழுதினார். அந்தக் கோள் இன்றுவரை அகப்படவில்லை. ஜேக்கப் பொய் சொல்லவில்லை. அவருடைய அளவீடுகளின் நுட்பம் அந்தக் கேள்விக்குப் போதவில்லை.

மே மாதக் கடைசியில் இரவு பத்து மணிவாக்கில் எண்ணூர்க் கடற்கரையில் நின்று நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து சுமார் 16 பாகை உயரத்தில், பக்கம் பக்கமாகத் தெரியும் இரண்டு பிரகாசமான விண்மீன்களில் இடப்புறம் உள்ளதே ஆல்ஃபா சென்டாரி. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது இரண்டு என்பதை, 1689-இல் புதுச்சேரியில் வால்விண்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ பாதிரியார் கண்டறிந்தார். ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் நீங்களும் அதை இரண்டாகப் பார்க்கலாம்.