வானொலி உரைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலிய வானொலியின் பாயர் உரைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து நாட்டுப் பிரச்சினையை வாரக்கணக்கில் பேசினால் இன்று யார் கேட்பார்கள்? எங்கள் பூண்டுக் காட்டில் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலையில் பாட்டுதான் ஓடும், பேச்சு வந்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்கள். அப்படிப் பேசி எதுவும் மாறியிருக்கிறதா?

பூம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறியிருக்கிறது. ஆனால் மெதுவாக.

ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி அந்த உரைகளைத் தொடங்கியது 1959-இல். அதன் தலைவராக இருந்த ரிச்சர்ட் பாயர் 1961-இல் இறந்ததும் அவர் பெயரை வைத்தார்கள். 1968-இல் பேசியவர் ஸ்டானர் என்ற மானுடவியலாளர். ஆஸ்திரேலிய வரலாற்றை எழுதியவர்கள் பழங்குடிகளை விட்டுவிட்டது ஏதோ மறதியால் அல்ல, நிலத்தின் ஒரு பக்கமே கண்ணில் படாதபடி பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல் அது என்றார். 'மாபெரும் ஆஸ்திரேலிய மௌனம்' என்று அதற்கு அவர் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அந்த மௌனத்தைக் கலைப்பதையே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா உரையும் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. பழங்குடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்று 2022-இல் பழங்குடித் தலைவர் நோயல் பியர்சன் பேசினார். மறுவருடமே, அதைக் கேட்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் அவர் பேசியது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டானரின் ஜன்னலைப் படித்தபோது எனக்கு கொடைக்கானலின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்தான் நினைவுக்கு வந்தது. அங்கே வரிசையாக நின்று சமவெளியைப் பார்க்கிறோம், முதுகு மலையைப் பார்த்திருக்கிறது. கொடைக்கானலின் கதையையும் அப்படித்தான் சொல்கிறோம், 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியதிலிருந்து ஆரம்பித்து. இதே மலையின் தாண்டிக்குடியில் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகள் எத்தனையோ காலமாக நிற்கின்றன. இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் இந்தக் காட்டில் தேன் எடுத்தது எந்த பங்களாவுக்கும் முந்தையது. அவர்களில் ஒருவர் அப்படி வானொலியில் வாரக்கணக்கில் பேசி நாம் கேட்டிருக்கிறோமா? எனக்குத் தெரிந்து இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் படேல். அவர் நினைவாக அகில இந்திய வானொலி 1955-இல் ஆண்டு உரைகளைத் தொடங்கியபோது முதலில் பேசியவர் ராஜாஜி. அதைப் போல ஒன்றைத் தமிழில், மலைக்காரர்கள் பேச, கோடை பண்பலையின் 100.5 அலைவரிசையில் வருடம் ஒருமுறை வைத்தால் என்ன? மலை உச்சியிலிருந்து வருவதால் கீழே எத்தனையோ மாவட்டங்களில் அது கேட்கிறதே.

அப்புறம், ஸ்டேஷனை மாற்றுகிற விஷயம். அறிக்கை வாசிக்கிற மாதிரி பேசினால் நானும்தான் மாற்றுவேன். உங்கள் ஊர் குழந்தை வேலப்பர் தேரை முன்பு எப்படி இழுத்தார்கள், பூண்டு வருவதற்கு முன் அந்தக் காட்டில் என்ன விளைந்தது என்று ஒரு பெரியவர் தன் பேச்சிலேயே சொன்னால் அவர்கள் மாற்றுவார்களா? காட்டில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். யார் பேசினால் கேட்போம் என்று அவர்கள் சொல்கிற பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள், நிலையத்துக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் அவற்றைச் சேர்க்கிறேன்.

அன்புடன்.