ஆயிரம் தீவுகளுக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் கனடாவுக்கு வந்திருக்கிறார்கள். ஆயிரம் தீவுகளில் இருக்கும் கோட்டையைக் காட்ட ஆசை. அவர்களிடம் அமெரிக்க விசா இல்லை. போகலாமா?
– வாசகி, ஸ்காபரோ

சென் லோறன்ஸ் ஆற்றில் படகில் போகலாம், கோட்டைக்குள் போக முடியாது. போல்ட் கோட்டை நிற்கிற ஹார்ட் தீவு அமெரிக்கப் பக்கம். அங்கே கால் வைத்தால் அமெரிக்காவுக்குள் போனதாகத்தான் கணக்கு. ஆனால் கனடாக் கரையில் இருக்கிற கனனாக்வேயிலிருந்தும் ரொக்போர்ட்டிலிருந்தும் கிளம்புகிற படகுகளில், கோட்டையில் நிறுத்தாமல் அதன் முன்னால் போய்த் திரும்புகிறவையும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே இறங்குகிற பயணமா, இறங்காத பயணமா என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் மூன்று மணி நேரம் கார் ஓடி வந்து, துறையில் முகம் வாடி நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

படகில் போகும்போது அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நியூயோர்க்கில் பெரிய ஹோட்டல் நடத்திய ஜோர்ஜ் போல்ட், மனைவி லூயிஸுக்காக 1900இல் இதைக் கட்டத் தொடங்கினார். 1904 ஜனவரியில் லூயிஸ் இறந்துவிட்டார். வேலையை நிறுத்தச் சொல்லித் தந்தி வந்ததும் வேலையாட்கள் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள், போல்ட் அந்தத் தீவுக்குத் திரும்பி வரவேயில்லை. 73 வருஷம் மழையிலும் பனியிலும் கிடந்த கட்டடத்தை 1977இல்தான் பொறுப்பெடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள்.

கேள்வி: உண்மையாகவே ஆயிரம் தீவுகள் உண்டா? இரண்டு நாட்டுக்கும் இடையில் ஒரு குட்டிப் பாலம் இருக்கிறது என்கிறார்களே, அதுவும் உண்மையா?
– வாசகர், ஏஜக்ஸ்

ஆயிரத்துக்கும் கூட, 1,864. வருஷம் முழுக்கத் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும், ஒரு மரமாவது நிற்க வேண்டும், அப்படியென்றால்தான் தீவு என்று எண்ணுவார்கள். ஒன்ராறியோ ஏரி முடிந்து சென் லோறன்ஸ் ஆறு தொடங்குகிற இடம் இது. வடக்கே இருக்கிற கனடாவின் பழைய பாறைநிலம் தெற்கே அமெரிக்காவின் அடிரொண்டாக் மலைகளோடு சேருவதும் இந்த வழியாகத்தான், ஆறு அதன் குறுக்கே ஓடுகிறது. பனிப்பாறைகள் உருகிய பிறகு தண்ணீரில் அமிழ்ந்துபோன மலைகளின் தலைகளைத்தான் நாம் தீவு என்கிறோம். கரையில் குனிந்து பாருங்கள், இளஞ்சிவப்புக் கருங்கல், பிளவில் ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில் பைன் மரம் வேரைக் கல்லின் மேலேயே படரவிட்டு நிற்கும்.

பாலக் கதை மட்டும் சரியில்லை. அந்தப் பாலம் இருக்கிற சாவிகன் தீவில் இரண்டு நாட்டுக் கொடியும் பறக்கிறது, உண்மை. ஆனால் பாலத்தின் இரண்டு பக்கமும் கனடாதான். எல்லை எந்தத் தீவையும் வெட்டிக்கொண்டு போகவில்லை.

கேள்வி: இரண்டு நாள் லீவு. நடக்கச் சிரமப்படும் அப்பம்மா, ஐந்து வயது மகன். படகை விட்டால் வேறு என்ன பார்க்கலாம்?
– வாசகி, பிரம்ரன்

முதலில் கிங்ஸ்டன் மில்ஸ் போங்கள். ஒட்டாவா வரை 202 கிலோமீற்றர் போகிற றிடோ கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்குகிற லொக்குகள், அதாவது கதவு போட்ட தண்ணீர்த் தொட்டிகள், அங்கே இருக்கின்றன. கால்வாய் திறந்தது 1832இல். இன்றைக்கும் அங்கே கையால்தான் வேலை. ஊழியர் இருவர் இரும்புப் பிடியைச் சுற்றச் சுற்றச் சங்கிலி இறுகி, பெரிய மரக்கதவு மெல்லத் திறக்கும். உள்ளே வந்த படகு தண்ணீர் வடிய வடியக் கண் முன்னாலேயே கீழே போகும். அப்பம்மா மடிப்புக் கதிரையில் இருந்தபடி பார்க்கலாம், மகன் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை இது நடக்கும்.

அப்புறம் புரொக்வில் ரயில் சுரங்கம். 1860இல் முடிந்த, கனடாவின் முதல் ரயில் சுரங்கம். இப்போது உள்ளே கலர் விளக்கும் இசையும். கட்டணம் இல்லை, தரை சமமாக இருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். கோடையிலும் குளிரும், அப்பம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுங்கள்.

ஆயிரம் தீவுகள் தேசியப் பூங்காவின் மலரிரவுன் கரையில் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட நல்ல இடம் உண்டு. ஆனால் தண்ணீரோரம் மகனுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். பாசி பிடித்த கல் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், ஓரடி தள்ளினாலே ஆழம் வந்துவிடலாம். இதில் தயவு தாட்சண்யம் காட்டாதீர்கள்.

இன்னொன்று, உண்ணி. இந்தப் பக்கத்துப் புல்லில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு, எள்ளளவுதான் இருக்கும். அன்றிரவே மகனின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால், தோலுக்கு மிக அருகில் உண்ணியின் தலைப் பக்கத்தைப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுங்கள். அப்பம்மாவின் கால்களையும் நீங்களே பாருங்கள், அவர் கண்ணுக்கு அது தெரியாது.