டிக் டிக் சத்தமா? முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார் மைத்துனர். (வாசகர், கும்பகோணம்)

பதில்: மைத்துனருக்கு அந்த ஃப்ரீசரிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் கொடுத்து அனுப்பிவையுங்கள். டிஸ்க் அதற்குள் போகக் கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அதோடு ஓடவிட்டால் இருப்பதும் போச்சு.

அந்தச் சத்தம், படிக்கும் ஹெட் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுவது. உள்ளே சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிகூடக் கிடையாது. உரசினால் படம் பதிந்திருக்கும் பூச்சே சுரண்டப்படும். "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்பதுதான் இங்கே பெரிய எதிரி. சாஃப்ட்வேர் எதுவும் இதற்கு உதவாது. தூசி வடிகட்டிய அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க்கின் ஹெட்டை மாற்றித்தான் படிக்க வேண்டும். செலவு சுலபமாக ஐந்து இலக்கத்துக்குப் போகும். படங்களுக்கு அவ்வளவு தர மனம் இருக்கிறதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதுவரை டிஸ்க் அலமாரியில் சும்மா இருக்கட்டும், கெட்டுப்போகாது.

கேள்வி: சத்தமில்லை. ஆனால் ஃபோல்டர் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, காப்பி செய்தால் டேட்டாவைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்று சிஆர்சி எரர் வருகிறது. செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார்கள். (வாசகி, கரூர்)

பதில்: ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் கருவி அல்ல. தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்காக மேய்ந்து, சரிப்படாததை வெட்டியும் விடும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் இலவசம். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள். சி5 படிக்க முடியாமல் தள்ளாடுபவை. சி6 படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம்தான் வேண்டும் என்றால் முக்கியமான ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள், சினிமாவெல்லாம் அப்புறம். முழுசும் வேண்டும் என்றால், அதே அளவோ பெரிதோ ஆன புது டிஸ்க் ஒன்று வாங்கி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு அப்படியே நகலெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு விடும். எதுவரை முடிந்தது என்று மேப் ஃபைலில் குறித்துவைப்பதால் நடுவே நிறுத்தித் தொடரலாம். எது பழசு, எது புதுசு என்பதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் காலி டிஸ்க் உங்கள் படங்கள் மேல் எழுதப்படும். சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள் எல்லாவற்றையும் அந்த நகல் மேல் ஓட்டுங்கள். மீட்ட ஃபைலைப் பழைய டிஸ்க்கிலேயே சேமிக்காதீர்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில் ஷிஃப்ட் டெலீட் செய்து மூன்று மாதம் ஆகிறது. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? (வாசகர், சேலம்)

பதில்: எதுவும் வேண்டாம். அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி எஸ்எஸ்டிக்குப் போகும் டிரிம் கட்டளை அதை என்றைக்கோ துடைத்திருக்கும்.

கேள்வி: இரண்டு வருடமாகவே கர்ர் சத்தம் வந்துகொண்டிருந்தது. போன வாரம் நின்றுவிட்டது. பேக்கப் இல்லை. கம்பெனி பொறுப்பேற்குமா? (வாசகர், வேலூர்)

பதில்: டிஸ்க் உங்களுக்கு இரண்டு வருட நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. கம்பெனியிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? வாரன்டி டிஸ்க்குக்குத்தான், அதற்குள் இருப்பதற்கு இல்லை. சீகேட் சில மாடல்களோடு ரெஸ்க்யூ என்ற மீட்புச் சேவையையும் சேர்த்துத் தருகிறது. பெட்டியை இன்னும் தூக்கிப்போடவில்லை என்றால் எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: கணவர் காலமாகிவிட்டார். அவர் எடுத்த படங்கள் இருந்த டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்தேன். முன்பணம் 4,000 ரூபாய் ஜிபேயில் வாங்கினார்கள். ஒரு மாதம் அலைக்கழித்துவிட்டு "டேட்டா இல்லை" என்று திருப்பித் தந்தார்கள். பில் இல்லை. ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அந்த டிஸ்க்கை இனி யார் கையிலும் ஆன் செய்யக் கொடுக்காதீர்கள். லேபிளின் நடுவே விரலால் தடவிப் பாருங்கள், அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அந்த இடத்தில் லேபிள் குத்தப்பட்டிருந்தால் மூடியைத் திறந்திருக்கிறார்கள். ஃபேன் காற்றில், மேஜை மேல் வைத்துத் திறந்திருப்பார்கள். அதையும், லேபிளில் உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள். பழைய பெட்டியோ பில்லோ இருந்தால் நம்பரை ஒப்பிடுங்கள். டிஸ்க்கே மாறி வந்த கதைகளும் எனக்கு வந்திருக்கின்றன.

இந்தக் கடைக்காரர்களைப் பற்றி நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கொடுப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "ஹார்ட் டிஸ்க் 1, ஒர்க் ஆகலை" என்று கிறுக்கியிருக்கும். எந்த கம்பெனி, எத்தனை டிபி, சீரியல் நம்பர் என்ன, ஒன்றும் இருக்காது. அடியில் மட்டும் "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ரப்பர் ஸ்டாம்ப் பளிச்சென்று விழுந்திருக்கும். டேட்டாவை எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்குகிறவன் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்றால், வேறு எதற்குத்தான் பொறுப்பு? "கிடைக்காவிட்டால் காசு வேண்டாம்" என்ற போர்டைப் பார்த்து உள்ளே போனால், பார்ப்பதற்கே தனியாக ஒரு கட்டணம். பில் தராமலிருப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. இதைக் கவுண்டரில் நின்று சத்தமாகவே சொல்லலாம்.

உங்கள் கையில் ஜிபே பதிவு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதுவும் சாட்சிதான், அழித்துவிடாதீர்கள். முதலில் பணத்தையும் விளக்கத்தையும் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 4,000 ரூபாய் மட்டுமல்ல, மன உளைச்சலுக்கும் கேளுங்கள்.

கேள்வி: 2 டிபி பென் டிரைவ் 599 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. பேக்கப்புக்கு வாங்கலாமா? (மாணவர், மதுரை)

பதில்: கூடாது. இப்படி ஒன்று என் மேஜை டிராயரில் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் 2 டிபி என்றே காட்டியது, காப்பியும் மளமளவென்று ஆனது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் படங்கள் வெறும் சாம்பல் பட்டை. உள்ளே இருப்பது சின்ன சிப், அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி மாற்றியிருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உண்மையான அளவைச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஓட்டுங்கள்.

கேள்வி: லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு கம்ப்யூட்டரில் போட்டால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கிறது. ஒரு கடைக்காரர் 8,000 ரூபாய்க்கு "உடைத்துத்" தருகிறேன் என்கிறார். (வாசகர், கோவை)

பதில்: அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனிலிருந்து உள்ளே போய், டிவைஸ் பட்டியலில் அந்த லேப்டாப்பின் பெயருக்குக் கீழே பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி துறையிடம் கேளுங்கள். எங்குமே இல்லை என்றால் அதைக் கடையில் உட்கார்ந்து உடைக்க எவராலும் முடியாது. டிஸ்க்கை அந்தக் கடையில் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.