'நன்றாக' என்றால் 'நைஸ்லி' ஆகுமா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'யுவர் ரிப்போர்ட் லுக்ஸ் நைஸ்லி' என்று எழுதினேன். என் அதிகாரி அதை 'லுக்ஸ் நைஸ்' என்று திருத்தினார். 'அறிக்கை நன்றாக இருக்கிறது' என்பதில் 'நன்றாக' வினையடைதானே? 'லி' சேர்த்தது எப்படித் தவறாகும்? பெயரடையையும் வினையடையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுத ஏதேனும் முறை உண்டா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அதிகாரி திருத்தியது சரிதான். ஆனாலும் உங்கள் தவறுக்கு ஒரு நியாயம் உண்டு. பெயருக்கு முன் 'ஆன', வினைக்கு முன் 'ஆக' என்று பழகிய நாம், 'ஆன' வந்தால் ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் 'லி' சேர்த்த அட்வெர்ப் என்று மனத்துக்குள் ஒரு வாய்பாடு போட்டுக்கொள்கிறோம். 'அழகான கையெழுத்து' என்பது 'பியூட்டிஃபுல் ஹேண்ட்ரைட்டிங்' ஆவதையும், 'அழகாக எழுதுகிறாள்' என்பது 'ரைட்ஸ் பியூட்டிஃபுல்லி' ஆவதையும் பார்க்கும்போது அந்த வாய்பாட்டின் மேல் சந்தேகமே வருவதில்லை.

'இரு' என்ற வினையிடம்தான் அது தோற்றுப்போகிறது. 'கையெழுத்து அழகாக இருக்கிறது' என்கிறோம். அழகு கையெழுத்தின் குணமே தவிர, இருத்தல் என்ற செயலின் தன்மை அன்று. தமிழ் 'இரு'வுக்கு முன்னும் 'ஆக'வைத்தான் வைக்கும். ஆங்கிலமோ அந்தக் குணம் எழுவாயைச் சேர்ந்ததா, செயலைச் சேர்ந்ததா என்று பார்க்கும். எழுவாயைச் சேர்ந்தது என்றால் பெயரடைதான் வரவேண்டும். 'ஈஸ்', 'ஆர்', 'வாஸ்' ஆகியவற்றோடு 'லுக்', 'சீம்', 'ஃபீல்', 'சவுண்ட்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'பிகம்' போன்ற வினைகளும் இப்படி எழுவாயையும் குணத்தையும் இணைத்து வைக்கும் வேலையைச் செய்வன.

இவற்றில் சில வினைகளுக்கு இரண்டு முகங்கள் இருப்பதுதான் தொல்லை. 'ஹீ லுக்ட் ஆங்ரி' என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார் என்று பொருள். 'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ' என்றால் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார் என்று பொருள். தமிழில் இரண்டு இடத்திலும் அதே 'கோபமாக'தான் நிற்கிறது. தெரிவதா, பார்ப்பதா என்ற வேறுபாட்டைத் தமிழ் வினையில் காட்டுகிறது. ஆங்கிலம் 'லி' என்ற சிறு விகுதியில் காட்டுகிறது. ஐயம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'ஈஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹீ வாஸ் ஆங்ரி' பொருந்துகிறது, ஆகவே முதல் வாக்கியத்தில் பெயரடை. 'ஹீ வாஸ் ஆங்ரிலி அட் மீ' என்பது வாக்கியமாகவே நிற்காது.

இரண்டையும் சேர்த்து எழுதும் முறையைக் கேட்டிருந்தீர்கள். அங்கே உங்கள் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். 'ஆன் அன்யூஷுவல்லி லாங் லெட்டர்' என்பது வழக்கத்துக்கு மாறாக நீளமான கடிதம். அதன் நீளம்தான் வழக்கத்தை மீறியது. 'ஆன் அன்யூஷுவல், லாங் லெட்டர்' என்றால் வழக்கத்துக்கு மாறான, நீளமான கடிதம். அதாவது கடிதமே விசித்திரமானது, நீளமும் கூட. மாறாக, மாறான என்று தமிழ் பிரிப்பதைப் போலவே ஆங்கிலமும் பிரிக்கிறது. வினையடை பெயரடைக்கு முன்னால் நின்று அதன் அளவைச் சொல்லும். இரண்டும் சேர்ந்து பெயருக்கு முன் நிற்கும். 'இனஃப்' மட்டும் முரண்டு பிடிக்கும்: 'குட் இனஃப்', 'குவிக்லி இனஃப்' என்று பின்னால்தான் வரும், பெயரோடு சேர்ந்தால் 'இனஃப் டைம்' என்று முன்னால் போய்விடும். 'ரொம்ப' என்பதற்கெல்லாம் 'டூ' போடாதீர்கள். 'வெரி ஹெவி' என்றால் பளு அதிகம்; 'டூ ஹெவி' என்றால் தூக்க முடியாத அளவுக்கு, வேண்டியதற்கு மேலான பளு.

'லி' என்ற விகுதியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 'ஃப்ரெண்ட்லி', 'லோன்லி' இரண்டும் பெயரடைகள். 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' ஆகியவை 'லி' இல்லாமலேயே வினையடையாகவும் வரும். இளவயதில் நான் எழுதிய வேலை விண்ணப்பம் ஒன்றில், கடுமையாக உழைப்பேன் என்ற நினைப்பில் 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்று எழுதி அனுப்பினேன். 'நான் வேலை செய்வதே அபூர்வம்' என்பது அதன் பொருள். பதில் வரவில்லை, ஏன் என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

வினையடையை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. 'நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள்', 'ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்' என்று தமிழில் இடம் மாற்றலாம். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே 'வெல்' நுழைய இடமில்லை. 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' என்றுதான் எழுத வேண்டும்.

உங்கள் மின்னஞ்சலில் 'நைஸ்லி' என்ற சொல்லையும் விடாமல் பயன்படுத்த ஆசை இருந்தால், 'யுவர் ரிப்போர்ட் ஈஸ் நைஸ்லி ரிட்டன்' என்று எழுதுங்கள். அங்கே அது எழுதிய விதத்தைச் சொல்கிறது. உங்கள் அதிகாரி கை வைக்க மாட்டார்.