களஞ்சியத்தில் அடுப்பு மூட்டியவர்கள்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக லீட்ஸ் வந்து குடியேறியவன் நான். ரோமானியர் போனபின் இந்தப் பக்கத்தை ஆண்டது யார் என்று தேடினேன். கி.பி. 410-லிருந்து வட பிரிட்டன் முழுவதையும் கோயல் ஹென் என்ற அரசர் ஆண்டதாக ஒரு காணொளியில் வரைபடத்தோடு காட்டுகிறார்கள் (இணைத்திருக்கிறேன்). நம்பலாமா? பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசரும் இந்த வடக்கைச் சேர்ந்தவர்தானா?

வாசகர், லீட்ஸ்

அன்புள்ள தம்பி,

இந்த வாரம் முழுக்க இதே நினைப்பில்தான் இருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன். ஆர்தரை விடுங்கள், அதற்குள் போனால் மீள முடியாது. உங்கள் ஊர்ப்பக்கம் எல்மெட் என்ற சிற்றரசு இருந்தது. லீட்ஸுக்குக் கிழக்கே பார்விக்-இன்-எல்மெட் என்று ஊர்ப்பெயரிலேயே இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்தம்பிரிய அரசன் எட்வின் அதைப் பிடித்து அதன் அரசன் செரெடிக்கைத் துரத்தினான்.

கோயல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வரைபடத்தில் வண்ணம் அடித்துக் காட்டினால் நம்பிவிடுவதா? அவரை வடக்கத்து அரச குலங்களின் முப்பாட்டனாகச் சொல்லும் வெல்ஷ் வம்சாவளிகள் 10ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை. ஐந்நூறு வருஷம் கழித்து, பல குலங்கள் தங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட ஒரு மூதாதையின் பெயர் அது. அதை வைத்து 410-க்கு எல்லைக்கோடு போட எவருக்கும் உரிமை இல்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: ரோமில் இருந்து சம்பளம் வருவது நின்றதும், ரோமானியர் வடக்கு எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவரோரம் இருந்த சிப்பாய் என்ன செய்தான்? 407-ல், பிரிட்டனில் இருந்த படைகள் பேரரசனாக்கிய மூன்றாம் கான்ஸ்டன்டைன் படை திரட்டிக்கொண்டு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுக்குப் போனான், சரி. ஆனால் எல்லைக் காவலர்கள் பலர் அங்கேயே பிறந்து, அங்கேயே பெண்ணெடுத்தவர்கள். எங்கே போவார்கள்?

கார்லைலுக்குக் கிழக்கே, இர்திங் ஆற்றுக்கு மேலே, ஹேட்ரியன் சுவரை ஒட்டி பேர்டோஸ்வால்ட் கோட்டை இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் தூறலில் நனைந்துகொண்டு அங்கே நின்றேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தானியக் களஞ்சியங்கள். தெற்குக் களஞ்சியத்தில் தானியம் வைப்பதை நிறுத்திவிட்டு, தரைக்கு அடியில் காற்றுக்காக விட்டிருந்த வெளியை மூடி, மேலே தளம் போட்டு, ஒரு கோடியில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அந்த அடுப்புப் பக்கத்தில் ஒரு தங்கக் காதணியும், 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சடித்துத் தேய்ந்துபோன நாணயமும் கிடைத்தன. வடக்குக் களஞ்சியத்தின் கூரை விழுந்து கொஞ்சகாலம் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது, அப்புறம் அதே இடத்தில் பெரிய மரக் கூடம் எழுந்தது, அதற்கும் பிறகு அதைவிட உறுதியான இன்னொன்று. தூண்கள் நின்ற இடங்களில் இப்போது கட்டைகள் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து பார்த்தேன், ஊரையே உட்காரவைத்துச் சோறு போடலாம், அவ்வளவு அகலம்.

யார் ஆண்டார் என்றால் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் ஆண்டான். கோட்டைத் தலைவனாக இருந்தவன், அல்லது அவன் மகன். அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் தானியமும் மாடும் வாங்கிக்கொண்டு அவர்களுக்குக் காவல் இருந்திருப்பான். அவன் கை ஒரு நாள் குதிரைப் பயணத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. அடுத்த கோட்டையில் இன்னொருத்தன். 6ஆம் நூற்றாண்டில் ரெகெட் என்ற வடக்கத்துச் சிற்றரசின் அரசன் உரியனைப் புலவர்கள் பாடுகிற காலம் வரைக்கும், வடக்கில் அதிகாரம் இப்படித் துண்டு துண்டாகத்தான் வளர்ந்திருக்கும் என்பது என் முடிவு. பெயரில்லாத இந்த மனிதர்களைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு பேரரசரை உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

கோடையில் கார்லைலுக்கு ரயில் ஏறுங்கள், குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். பார்த்துவிட்டு நான் சொல்வது தப்பென்று பட்டால் தாராளமாகச் சண்டை போடுங்கள். அந்தக் காணொளியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.