715ஆவது ஹோம் ரன்: ஹாங்க் ஆரனின் அந்த இரவு

"அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் உங்களால் மறக்கவே முடியாத சாதனை எது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வில்ட் சேம்பர்லைன் 1962இல் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததைப் பலர் சொல்வார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் நான் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715ஆவது ஹோம் ரன்னை அடித்த இரவு.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு: ஹோம் ரன் என்பது கிட்டத்தட்ட நம்முடைய சிக்ஸர். பேப் ரூத் 1935இல் ஓய்வு பெற்றபோது 714 அடித்திருந்தார். அதை யாரும் நெருங்கவே முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ரூத் ஆடிய காலத்தில் மேஜர் லீக்கில், அதாவது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் போட்டிகளில், கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. ஆரன் அலபாமாவில் பிறந்த கறுப்பர். அப்படிப்பட்டவர் ரூத்தைத் தாண்டப் போகிறார் என்றதும் கடிதங்கள் வந்து குவிந்தன. 1973இல் மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். வாழ்த்துகளும் நிறைய இருந்தன. ஆனால் "கொன்றுவிடுவோம்" என்று எழுதியவர்களும் இருந்தார்கள். கல்லூரியில் படித்த மகளைக் கடத்துவோம் என்ற மிரட்டல் வேறு.

அந்த வருடம் அவருக்கு 39 வயது. 40 ஹோம் ரன் அடித்தும் சீசன் 713இல் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டுக்காகக் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், அந்த மிரட்டல்களோடு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அட்லாண்டா பத்திரிகை அவருக்கு இரங்கல் கட்டுரையையே எழுதி வைத்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1974 சீசனின் முதல் ஆட்டம் சின்சினாட்டியில். மட்டையை வீசிய முதல் வீச்சிலேயே 714. நான்கு நாள் கழித்து அட்லாண்டாவில், நான்காவது இன்னிங்ஸில், டாட்ஜர்ஸ் அணியின் ஆல் டவுனிங் போட்ட பந்தை அடித்தார். இடது பக்கம் நின்ற ஃபீல்டர் வேலி மேலேயே ஏறிப் பார்த்தார், எட்டவில்லை. 715.

அப்புறம் நடந்ததுதான் நான் அந்த வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம். ஹோம் ரன் அடித்தவர் மைதானத்தின் மூன்று பேஸ்களையும் சுற்றி ஓடி, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆரன் தலையைக் குனிந்தபடி நிதானமாக ஓடுகிறார். இரண்டாவது பேஸைத் தாண்டியதும் பதினேழு வயதுப் பையன்கள் இருவர் எங்கிருந்தோ ஓடிவந்து அவர் தோளைத் தட்டுகிறார்கள். அவருடைய மெய்க்காவலரான போலீஸ்காரர் காலரியில் இருந்தார், பைனாகுலர் பெட்டிக்குள் துப்பாக்கியோடு. அந்த ஓரிரு நொடியில், இவர்கள் தட்டிக்கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். புரியாமல் போயிருந்தால்? ஆரன் ஹோம் பிளேட்டை மிதித்ததும் சக ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவருடைய அம்மா வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், விடவே மாட்டேன் என்பது போல. மைக்கைக் கொடுத்ததும் ஆரன் சொன்னது: "கடவுளே, முடிந்தது."

ஆரன் மொத்தம் 755இல் நிறுத்தினார். 2007இல் பேரி பாண்ட்ஸ் அதைத் தாண்டினார், ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஹோம் ரன்னை மட்டும் வைத்து ஆரனை அளப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அடித்த ஹிட்கள் (பந்தை அடித்துவிட்டு ஒரு பேஸையாவது பத்திரமாக எட்டுவது) 3,771. அதிலிருந்து 755 ஹோம் ரன்களையும் கழித்துவிடுங்கள், இன்னும் 3,016 மிஞ்சும். 3,000 ஹிட் என்பதே ஒரு ஆட்டக்காரரின் வாழ்நாள் சாதனை.

அந்த மிரட்டல் கடிதங்களை அவர் தூக்கிப் போடவில்லை. 2021இல் இறக்கும்போது அவருக்கு 86 வயது. முதுமையிலும் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார், நடந்ததை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.